கடைமடைக்கு நீர் சேர்ந்த வரலாறு

ஒரு வாய்க்கால். அதன் இரு மருங்கிலும் பன்னிரண்டு வயல்கள். நெல் குடலைப் பருவத்தில் நிற்கிறது. மழையோ பொய்த்துவிட்டது. மதகின் வழியே வரும் நீர் எல்லா வயல்களுக்கும் ஒரே நாளிற் போதாது. முதலிற் பாய்ச்சுவது யார்? காத்திருப்பது யார்? காத்திருப்பவர் எத்துணை நேரம் காத்திருப்பது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு ஒரு தலைவன் வேண்டும் என்றே பலரும் எண்ணுவர். மேலே ஒருவன் ஆணையிட, இடையே ஒருவன் அளந்துவிட, கீழே உள்ளோர் கீழ்ப்படிய, நீர் ஒழுங்காகப் பாயும் என்பது பொதுவான நம்பிக்கை. இலங்கையின் கிழக்குக் கரையிலே நெல் விளைவித்த மக்களின் வரலாறு இந்நம்பிக்கையை முற்றாக ஏற்கவில்லை.

இதே வினா இக்காலத்தில் முற்றிலும் வேறான ஓர் உலகிலும் எழுந்துள்ளது. ஆயிரக்கணக்கான கணினிகள் கம்பிகளாற் பிணைக்கப்பட்டு ஒரே பணியைப் பகிர்ந்து செய்யும் காலம் இது. எந்த வேலை எந்தக் கணினிக்கு, எப்பொழுது, எந்த வரிசையில் என்பதை ஒரு தலைமைக் கணினியே தீர்மானித்தல் வேண்டுமா, அன்றித் தலைமையின்றித் தம்முள் தாமே அவை முறை வகுத்துக் கொள்ளுமா என்று அறிஞர் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். வயலிற் பாயும் நீருக்கும் கணினியிற் பாயும் வேலைக்கும் உள்ள ஒப்புமை வெறும் உவமை அன்று. இரண்டிலும் பொருள் ஒன்று, அதைப் பெற விழைவோர் பலர், காலம் குறுகியது, ஒருவர் தவறினால் ஏனையோர் இடர்ப்படுவர். எனவே வயல்வெளியின் நெடிய அனுபவத்தை முதலில் நோக்கிப் பின்னர் கணினியின் பக்கம் திரும்புதல் பொருத்தமாகும்.

கல்முனைக்கு மேற்கே, கிட்டங்கியை நோக்கிச் செல்லும் வீதியிலே அமைந்திருப்பது நற்பிட்டிமுனை. முஸ்லிம்களும் தமிழரும் அயலவராக வாழும் பழைய ஊர் இது. கிழக்கே கடலோரக் குடியிருப்புகள் நெருங்கி நிற்க, மேற்கே வயல்வெளிகள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கின்றன. மாரியிலே கிட்டங்கித் தாம்போதியை மூடி வெள்ளம் பாயும். கோடையிலோ அதே நிலம் ஒரு பாய்ச்சலுக்காக ஏங்கும். 1961 ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியாகப் பிரிக்கப்படும் வரை இப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு கூறாகவே இருந்தது. இங்கு ‘வேளாண்மை’ என்ற சொல் பொதுவாகப் பயிர்த்தொழிலைக் குறிப்பதினும் சிறப்பாக நெற்பயிரையே குறிக்கும். ‘வேளாண்மை விளைந்துவிட்டது’ என்றால் நெல் விளைந்துவிட்டது என்பதே பொருள். ஒரு சொல் இவ்வாறு சுருங்கி ஒரு பயிருக்கே உரியதாகிவிட்டதிலிருந்து அப்பயிர் மக்கள் வாழ்விற் பெற்ற இடத்தை உணரலாம்.

இக்கரையோர வயல்களின் புவியியல் நிலையை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கும் கல்லோயா, ஊவா மலைகளின் கிழக்குச் சரிவிலே தோன்றி, நெடுந்தூரம் ஓடிக் கிழக்குக் கடலை அடைகிறது. மலையிலே பெய்த மழை கரையோர வயலை எட்டுவதற்கு முன்னர் எத்தனையோ அணைகளையும் மதகுகளையும் கடந்து வருகிறது. மேலே உள்ளவன் மிகுதியாக எடுத்தால் கீழே உள்ளவனுக்குக் குறையும். தலைமடையில் நிற்பவனுக்கு நீர் என்பது உரிமை. கடைமடையில் நிற்பவனுக்கு அது அயலவனின் நேர்மை.

இனி, முதலிற் கூறிய பன்னிரண்டு வயல்களை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் ஒரே வேளையில் மடையைத் திறந்தால் என்ன நிகழும்? நீரோட்டம் பன்னிரண்டு சிறு கிளைகளாகச் சிதறும். அதன் வேகம் குன்றும். பெரும்பகுதி வாய்க்காலின் மணலிலேயே சுவறிப்போகும். முதல் நான்கு வயல்கள் நிரம்பி வழியும். கடைசி வயல்களிலே வெடிப்பு விழும். மாறாக, முழு நீரோட்டத்தையும் ஒருவருக்குப் பன்னிரண்டு மணி நேரம் என முறைவைத்துக் கொடுத்தால் ஆறு நாளில் எல்லா வயலும் நனைந்துவிடும். நீர் அதே நீர்தான்; முறை மட்டுமே வேறு. ‘முறைநீர்’ என்று கமக்காரர் வழங்கும் சொல்லில் இவ்வுண்மை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இம்முறையைப் பண்டு நடத்தியவர் யாவர்? கிழக்கிலங்கையில் வயல்நிலம் வட்டைகளாகவும் கண்டங்களாகவும் வகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வட்டைக்கும் வட்டை விதானை ஒருவர் இருந்தார். சிங்களப் பகுதிகளில் ‘வெல் விதானை’ எனப் பெயர் பெற்றவரும் இவரை ஒத்தவரே. வாய்க்கால் துப்புரவு செய்யும் நாளை அறிவித்தல், வேலி அடைப்பித்தல், கட்டாக்காலி மாடுகளைத் தடுத்தல், முறைநீர் தவறாது பாயச் செய்தல் என்பன இவருடைய கடமைகள். இவருக்குரிய ஊதியம் அரசாங்கத் திறைசேரியிலிருந்து வரவில்லை. விளைந்த நெல்லிலே ஒரு சிறு பங்காகக் கமக்காரரிடமிருந்தே வந்தது. விளைவு குன்றினால் அவர் பங்கும் குன்றும். ஆகையால் அவர் வட்டைக்கு வெளியே நின்று ஆள்பவர் அல்லர். வட்டையின் நன்மை தீமைகளிற் பங்குடையவர்.

பெருநிலம் உடைய போடியார்மாரும், அவர்களுடைய வயலைப் பொறுப்பேற்று உழுவிக்கும் முல்லைக்காரரும், சிறுநிலம் உடைய கமக்காரரும் ஒரே வாய்க்காலை நம்பியிருந்தனர். எல்லோரும் ஒப்பானவர் அல்லர். செல்வாக்குடையோரின் மடைக்கு நீர் முந்திப் பாய்ந்த சந்தர்ப்பங்களும் இருந்திருக்கும். எனினும் வாய்க்காலில் அவரவர் வெட்ட வேண்டிய தூரம் அவரவர் நிலத்தின் அளவுக்கு இயைய அமைதல் வேண்டும் என்பதும், விதைப்பு நாள் வட்டை முழுவதற்கும் பொதுவாதல் வேண்டும் என்பதும் பொது வழக்கமாக நிலைத்திருந்தன. இவ்வழக்கத்தை ஒரு தனி மனிதர் பிறப்பித்ததில்லை. எல்லோரும் அறிந்திருந்தமையே அதன் வலிமை.

அந்த வலிமைக்கு ஒரு காலத்தில் பெருஞ்சோதனை ஏற்பட்டது. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரையை அடுத்து, 1832 ஆம் ஆண்டில் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தைப் பிரித்தானிய ஆட்சி ஒழித்தது. மனித உரிமையின் நோக்கில் அது நற்செயலே. ஆயின், குளத்தையும் வாய்க்காலையும் பேணும் கூட்டு உழைப்பும் அக்கட்டாயத்தோடு ஒட்டியிருந்த பல இடங்களில், கட்டாயம் நீங்கியதும் உழைப்பும் நீங்கிற்று. வாய்க்கால் வெட்ட வராத ஒருவனை வரச்செய்ய எவருக்கும் அதிகாரம் இல்லை. ஒருவன் வராவிடின் அடுத்தவனும் வரான். ஊவாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி இந்நிலையை 1850களில் ஆராய்ந்து அறிக்கை எழுதினார்.

1855 ஆம் ஆண்டில் ஆள்பதியாக வந்த சேர் ஹென்றி வார்ட் இவ்விடயத்திற் பெரிதும் நாட்டங் கொண்டார். அவர் காலத்திலே இறக்காமக் குளம் முதலிய கிழக்கின் குளங்கள் திருத்தப்பட்டன. அவற்றினும் சிறப்பாகக் குறிப்பிட வேண்டியது 1856 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். கொழும்பிலிருந்து புதிய விதிகளை வகுத்து அனுப்ப அச்சட்டம் முயலவில்லை. நிலவுடைமையாளரைக் கூட்டி, அவர்களது பெரும்பான்மை ஒப்புதலோடு, அவ்வவ்விடத்துப் பழைய வழக்கத்தையே சட்டவலுவுடையதாக்க அது வழி செய்தது. பிணக்குகளும் நெடிய வழக்காடலின்றி உள்ளூரிலேயே தீர்க்கப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். விதியை அறிந்தோர் வயலில் இருக்கின்றனர். அவ்விதிக்குத் துணைநிற்பதே ஆட்சியின் வேலை என்ற கருத்து இச்சட்டத்திற் பொதிந்திருந்தது.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. சுதந்திர இலங்கையின் முதற் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்க கல்லோயாத் திட்டத்தை ஆரம்பித்தார். 1949 ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியது. மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. அணைக்குப் பின்னே தேங்கிய நீர்ப்பரப்பு சேனாநாயக்க சமுத்திரம் எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் அந்நீர்த்தேக்கம் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கங்களுள் ஒன்று. இடதுகரை, வலதுகரை, ஆற்றுப்பிரிவு என மூன்று கூறுகளாக அதன் பாசனம் வகுக்கப்பட்டது. மேற்கே புதிய குடியேற்றக் கிராமங்கள் எழுந்தன. பழைய கரையோர வயல்கள் அப்பெருந்திட்டத்தின் கீழ்ப்புறத்தில் அமைந்தன.

முன்னர் பல குளங்களுக்குப் பல முறைகள் இருந்த இடத்தில் இப்பொழுது ஒரே சமுத்திரத்தின் துருசு வந்தது. எவ்வளவு நீரை எந்நாளில் திறப்பது என்பதைப் பொறியியலாளர் கணக்கிட்டனர். போக ஆரம்பக் கூட்டங்கள் சட்டப்படி நடந்தன. விதைப்பு நாளும் நீர் விடும் நாளும் அங்கே தீர்மானிக்கப்பட்டன. ஆயினும் பெருவாய்க்காலிலிருந்து கிளைவாய்க்காலுக்கும், அதிலிருந்து வயல்வாய்க்காலுக்கும் நீர் பிரியும் இலட்சக்கணக்கான தருணங்களை எந்த அலுவலகம் கண்காணிக்க இயலும்? 1958 ஆம் ஆண்டு பிலிப் குணவர்த்தனாவின் நெற்காணிச் சட்டம் பழைய விதானைமாரின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை நிறுவ முயன்றது. மக்களின் குழு என்ற எண்ணம் சிறந்ததேயாயினும், பின்வந்த ஆண்டுகளில் சட்டம் மாறமாறக் குழுவும் பெயரும் மாறின. பழையது தளர்ந்தது; புதியது வேரூன்றவில்லை.

1970களின் இறுதியில் கல்லோயா இடதுகரையின் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. மதகுக் கதவுகள் உடைந்து கிடந்தன. வாய்க்கால்களில் மண் நிறைந்திருந்தது. முறை வரும் என்ற நம்பிக்கை இன்மையால், நீர் கண்ட இடத்தில் கண்டவர் எடுத்தனர். இரவிலே அணை வெட்டி நீர் திருப்புவது வழக்கமாயிற்று. கடைமடைக் கமக்காரர், அவர்களுள் தமிழ் பேசுவோர் பலர், நீர் காணாது தவித்தனர். அதிகாரிகள் கமக்காரரைக் குறை கூறினர். கமக்காரர் அதிகாரிகளைக் குறை கூறினர். நாட்டிலேயே மிகச் சீர்குலைந்த பாசனத் திட்டம் என்ற பெயரை இடதுகரை பெற்றது.

1979 ஆம் ஆண்டில் அமெரிக்க உதவியோடு அதனைச் சீர்திருத்தும் திட்டம் ஆரம்பமாயிற்று. கற்கட்டும் சீமெந்தும் ஒரு பங்கு. மற்றொரு பங்கைக் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் கோர்ணெல் பல்கலைக்கழகமும் ஏற்றன. 1981 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பயிற்சி பெற்ற இளைஞரும் யுவதியருமாக 32 அமைப்பாளர் கிராமங்களுக்குச் சென்று தங்கினர். அப்போகத்திலே நீர்த்தேக்கத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நீரே இருந்தது. அமைப்பாளர்கள் சங்கப் பதிவோடு தொடங்கவில்லை. ஒரே வயல்வாய்க்காலை நம்பிய பத்து முதல் இருபது கமக்காரரைச் சந்தித்து, ‘இவ்வாய்க்காலில் உங்களால் உடனே செய்யக்கூடியது யாது?’ என்று வினவினர்.

விடை விரைவில் வந்தது. சிரமதானமாக வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. முறைநீர் மீண்டும் தோன்றியது. பல இடங்களில் தலைமடைக் கமக்காரர் தாமே நீரைச் சிக்கனஞ் செய்து கீழே விட்டனர். ஒவ்வொரு வயல்வாய்க்காலும் ஒரு பிரதிநிதியைத் தெரிந்தது. வாக்கெடுத்து ஒரு சாரார் வெல்லவும் மறுசாரார் தோற்கவும் இடங்கொடாது, எல்லோரும் இணங்கிய ஒருவரையே தெரிந்தனர். அவருக்கு ஊதியம் இல்லை. ஆணையிடும் அதிகாரமும் இல்லை. குழு முடிவு செய்ததை அடுத்த வாய்க்காலுக்கும் அதிகாரிக்கும் எடுத்துரைப்பதே அவர் பணி. வயல்வாய்க்கால்கள் இணைந்து கிளைவாய்க்கால் அமைப்பாகவும், அவை இணைந்து பிரதேச சபையாகவும் வளர்ந்தன.

இதில் உற்று நோக்க வேண்டிய ஒன்றுண்டு. அமைப்பாளர்கள் தற்காலிக ஊழியர். நிலையான தொழில் கிடைத்தவுடன் அவர்களுட் பெரும்பாலோர் விலகிச் சென்றனர். ஒரு தலைவனைச் சுற்றிக் கட்டிய அமைப்பாயின் அன்றே அது சரிந்திருக்கும். கமக்காரர் குழுக்களோ தொடர்ந்து இயங்கின. முறையை நினைவில் வைத்திருந்தவர் அமைப்பாளர் அல்லர். வாய்க்கால் முழுவதுமே அதனை நினைவில் வைத்திருந்தது.

முறை எவ்வாறு தன்னைத் தானே காத்துக்கொள்கிறது? அமெரிக்க அறிஞர் எலினோர் ஒஸ்ட்ரம் இதனை ஆராய்ந்தார். பொதுவளங்களை மக்கள் தாமே ஆளும் முறை பற்றி 1990 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூலிலே கல்லோயாவும் இடம்பெற்றுள்ளது. 2009 ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. முறைநீரில் காவலாளி தனியே வேண்டியதில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவன் தன் நேரம் முடியும்வரை மடையை விடான். அடுத்த முறைக்காரனோ தன் நேரம் தொடங்கும் முன்னரே மண்வெட்டியோடு வந்து வரம்பில் நிற்பான். ஒருவன் மிகுதியாக எடுக்காதவாறு மற்றவன் பார்க்கிறான். மற்றவன் முந்தி எடுக்காதவாறு இவன் பார்க்கிறான். கண்காணிப்புக்கெனத் தனிச்செலவு இல்லை. ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் நீர்ப் பிணக்குகளைத் தீர்க்க வியாழன்தோறும் தேவாலய வாயிலிற் கூடும் கமக்காரர் மன்றமும் இவ்வகையான பழம்பெரும் அமைப்பே.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. தலைமடையில் உள்ளவன் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? நீர் முதலில் அவன் நிலத்தைத்தானே அடைகிறது? இதற்கு இந்தோனேசியாவின் பாலித் தீவு விடை தருகிறது. அங்கே ‘சுபாக்’ எனப்படும் கமக்காரர் சங்கங்கள் மலைச்சரிவின் வயல்களுக்கு முறைவகுத்து வந்தன. 1970களில் பசுமைப் புரட்சியின் பெயரால், ஒவ்வொருவரும் இயன்ற அளவு அடிக்கடி நெல் விதைக்குமாறு தூண்டப்பட்டனர். பொதுமுறை குலைந்தது. நீர்த்தட்டுப்பாடும் பூச்சித்தொல்லையும் பெருகின. அயல்வயல்கள் எல்லாம் ஒருங்கே தரிசாகக் கிடந்தால் பூச்சிக்கு உணவின்றி அது மடியும்; ஆளுக்கொரு காலத்தில் விதைத்தால் வயலுக்கு வயல் தாவி அது வாழும். மேலே உள்ளவனுக்கு நீருக்காகக் கீழே உள்ளவன் தேவையில்லை. பூச்சி ஒழிய அவன் தேவை. நற்பிட்டிமுனையின் வட்டைகளிலும் நிலை இதுவே. தனித்து முந்தி விளைந்த வயலை நோக்கியே குருவியும் எலியும் மாடும் திரளும். ஆகவே ஒரே காலத்தில் விதைப்பதும், அதற்காக நீரைப் பகிர்வதும் தலைமடைக்காரனுக்கும் நன்மையே.

வயலிலிருந்து கணினிக்குச் செல்லும் பாலமும் பாலியிலேயே அமைந்தது. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிறெமரும் இரண்டு ஆறுகளைச் சார்ந்த 172 சுபாக்குகளைக் கணினியிலே உருவமைத்து, 1993 ஆம் ஆண்டில் அம்முடிவை வெளியிட்டனர். அவ்வுருவமைப்பில் தலைவன் எவனும் இல்லை. ஒவ்வொரு சுபாக்கும் ஆண்டிறுதியிலே அயல் சுபாக்குகளின் விளைவைப் பார்க்கும். தன்னினும் மிகுதியாக விளைவித்த அயலாரின் விதைப்பு முறையை அடுத்த ஆண்டு பின்பற்றும். இவ்வளவே விதி. சில ஆண்டுகளுக்குள் ஆற்றுப்படுகை முழுவதும் ஓர் ஒழுங்கான முறையை அடைந்தது. பல நூற்றாண்டுகளாகக் கோயில்களின் வழியே நிலவிய உண்மையான முறையை அது பெரிதும் ஒத்திருந்தது.

கணினி அறிஞரும் தத்தம் வழியில் இவ்விடத்துக்கே வந்தனர். ஒரு தலைமைக் கணினியை வைத்து வேலை பகிர்வது எளிது. முழு நிலையையும் அறிந்த ஒன்று நல்ல தீர்மானம் செய்யும் என்பதும் மெய்யே. ஆனால் அது பழுதுபட்டால் எல்லாம் நிற்கும். வேலை பெருகினால் எல்லாச் செய்தியும் அதன் வாயிலிலே நெருங்கும். தொலைவிலிருந்து செய்தி வந்து சேருமுன் நிலைமை மாறிவிடும். அம்பாறையிலிருந்து ஆயிரம் வயல்வாய்க்கால்களைப் பார்க்க முயன்ற அலுவலகத்தின் இடர்ப்பாடும் இதுவன்றோ?

நெதர்லாந்து நாட்டவரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1974 ஆம் ஆண்டில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். கணினிகள் வளையமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன் அயலதை மட்டுமே பார்க்கும். பார்த்து, தன் முறை வந்ததா எனத் தானே முடிவு செய்யும். வளையத்தில் ஒன்று மாத்திரம் சற்று வேறான விதியைப் பின்பற்றும். எனினும் அது ஏனையவற்றை ஆள்வதில்லை. ஏதோ குழப்பத்தால் பல கணினிகள் ஒரே வேளையில் தம் முறை வந்ததாக எண்ணினாலும், சில படிகளுக்குள் அவ்வமைப்பு தானாகவே ஒழுங்குக்குத் திரும்பிவிடும். வட்டையிலே விதானைக்கு உரிய வேறான கடமையும், வரம்பில் நின்று அயல் மடையைப் பார்க்கும் கமக்காரனின் கண்ணும் இங்கே நினைவுக்கு வருகின்றன.

1990களில் அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே றொபேட் புளூமோபும் சார்ல்ஸ் லைசர்சனும் மற்றொரு வழியை ஆராய்ந்தனர். ஒவ்வொரு கணிப்பகுதிக்கும் தனக்கென ஒரு வேலை வரிசை உண்டு. தன் வேலை தீர்ந்த பகுதி, ஏதாவதொரு பகுதியைத் தெரிந்து அதன் வரிசையிலிருந்து ஒரு வேலையை எடுத்துக்கொள்ளும். தேடும் சுமை ஓய்ந்திருப்பதன் மேல் விழுகிறது, உழைத்துக்கொண்டிருப்பதற்குத் தொல்லையில்லை. அதே காலத்தில் வேறோர் உண்மையும் நிறுவப்பட்டது. வரும் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணினியிடம் கொடுப்பதினும், இரண்டு கணினிகளை வினவிச் சுமை குறைந்ததிடம் கொடுத்தால் நெரிசல் வியக்கத்தக்க அளவு குறையும். எல்லாவற்றையும் வினவ வேண்டியதில்லை. இரண்டை வினவினாற் போதும். கலிபோர்ணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தார் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்பறோ’ என்னும் முறை இக்கருத்தையே விரித்து, தலைமையின்றிப் பெருந்தொகையான சிறு வேலைகளை விரைந்து பகிர்ந்தது.

தலைமை இல்லை என்பதால் விதியும் இல்லை என்று கருதுதல் பெரும் பிழையாகும். 1970களின் இடதுகரையிலே, வாய்க்கால் மட்டத்தில் ஆள்வோர் எவரும் இல்லை. அங்கே நிலவியது குழப்பம். 1981க்குப் பின்னரும் அவ்வாறு ஆள்வோர் இல்லை; அங்கே நிலவியது ஒழுங்கு. இடையில் வந்தது மூன்று. முறை யாதென எல்லோரும் அறிந்தனர். அயலான் அதனைப் பின்பற்றுவதைக் கண்ணாற் கண்டனர். தவறியவனிடம் அன்றே பேசித் திருத்தக்கூடிய அளவுக்குக் குழு சிறியதாயிருந்தது. மேலும், பெருந்துருசைத் திறக்கும் பொறுப்பு என்றும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமே இருந்தது. எவ்வளவு நீர் உண்டு என்பதை ஒருவர் அளந்து சொல்ல வேண்டும். அந்நீரை எவ்வாறு பகிர்வது என்பதைப் பலர் கூடி முடிவு செய்யலாம். இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிந்தமையே கல்லோயாவின் படிப்பினை.

அப்படிப்பினை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது 1997 ஆம் ஆண்டின் சிறுபோகத்திலே. போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இனங்களுக்கிடையே ஐயமும் அச்சமும் மிகுந்திருந்தன. நீர்த்தேக்கத்திலே நெற்செய்கைக்குப் போதிய நீர் இல்லை என்று கமக்காரருக்கு அறிவிக்கப்பட்டது. கணக்கு பிழையன்று; வழக்கமான முறையிற் பாய்ச்சினால் நீர் போதாதுதான். கமக்காரர் அமைப்புகள் கூடி ஆராய்ந்து, இருக்கும் நீரை எல்லோரும் சிக்கனமாகப் பகிர்ந்து பயிர் செய்வதென முடிவு செய்தன. தலைமடையிலே பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். கடைமடையிலே தமிழ் பேசும் கமக்காரர். நீர் தலைமடையோடு நின்றிருந்தால் அக்காலச் சூழ்நிலையில் வியப்பதற்கு எதுவும் இல்லை. நீர் நிற்கவில்லை, முறைப்படி கீழே வந்தது. ஏறத்தாழ 65,000 ஏக்கரில் வழக்கத்தினும் மேலான விளைவு கிடைத்தது என்று, இத்திட்டத்தை நெடுங்காலம் ஆராய்ந்த கோர்ணெல் பேராசிரியர் நோர்மன் அப்பொவ்வும் இலங்கையரான விஜயரத்னவும் பின்னர் எழுதினர். பாய்ச்சிய நீரின் ஒவ்வோர் அலகுக்கும் கிடைத்த நெல், சீர்திருத்தத்துக்கு முன்னிருந்ததிலும் பன்மடங்கு உயர்ந்தது என்றும், அவ்வுயர்வில் பாதியேனும் கற்கட்டாலன்றி மக்களின் ஒத்துழைப்பால் வந்தது என்றும் அவர்கள் கணித்தனர்.

வரலாற்று நூல்கள் குளங்கட்டிய மன்னரையும் அணைகட்டிய அமைச்சரையும் பெயர் சொல்லிப் போற்றுகின்றன. அவர்கள் போற்றத்தக்கோரே. ஆயினும் கட்டிய குளத்து நீர் கடைசி வயலைச் சென்றடைந்த ஒவ்வொரு போகத்திலும், நடு இரவிலே தன் முறை முடிந்ததும் மடையை அடைத்து, வாய்க்காலின் வழியே நடந்து சென்று, அடுத்தவனை எழுப்பி, ‘உன் முறை’ என்று சொன்ன ஒருவன் இருந்தான். அவன் பெயர் எந்நூலிலும் இல்லை. இன்று பல்லாயிரம் கணினிகளுக்கு அறிஞர் எழுதும் விதியும், தன் வேலை முடிந்ததும் அயலானுக்கு அறிவிக்குமாறே அவற்றைப் பணிக்கிறது.